றீற்றாவின் வீடு

1987ஆம் ஆண்டு நவம்பர் பிறந்ததிலிருந்து அம்புறோஸ் கட்டிலை விட்டு எழும்புவதைக் குறைத்துக்கொண்டார். முதலில் காலைத் தேநீரைக் கட்டிலில் இருந்தபடியே குடித்தார். பிறகு அதையும் பாதியில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். டிசம்பர் நடுவில் மூன்று நாள் சேர்ந்தாற்போல முகச்சவரம் செய்யவில்லை. அப்போதுதான் மகன் யூட்டுக்குப் பயம் பிடித்தது. யாழ்ப்பாணத்தில் கடை எரிந்த மறுநாள்கூடச் சவரம் செய்து, சேட்டைக் காற்சட்டைக்குள் மடித்து விட்டுக்கொண்டு வெளிக்கிட்ட மனுசன் அவர்.

யாழ்ப்பாணம் பெரியகடையில் முப்பது வருஷம் தையல் கடை வைத்திருந்தவர். கடை எரிந்த பிறகு, ஏற்கெனவே ஜெர்மனிக்கு வந்துவிட்ட மகன் வரச்சொல்லிக் கிழக்குப் பேர்லின் வழியாக வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. மனைவி அதற்கு நாலு வருஷம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். இரண்டு வருஷ இழுபறிக்குப் பிறகு தகப்பனுக்கும் மகனுக்கும் அகதி அந்தஸ்து கிடைத்து, நீல நிறப் பயணப் புத்தகமும் கைக்கு வந்தது. யூட் ஒரு உணவகத்துக் குசினியில் வேலை செய்தான். வுப்பர்டாலில் ஆற்றோரமாக இரண்டு அறை வீடு. ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகும் ரயில் ஜன்னலைக் கடக்கும்போதெல்லாம் அறைக்குள் இருக்கும் கொஞ்ச வெளிச்சமும் ஒருமுறை அணைந்து எரியும். கோடையில் அம்புறோஸ் அக்கம்பக்கத்தாரின் காற்சட்டைகளை வாங்கிக் கால் வெட்டி மடித்துத் தைத்துக் கொடுப்பார். மழையும் இருட்டும் தொடங்கியதும் அதை விட்டுவிட்டார்.

யூட் அவரை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனான். தலை நரைத்த அந்த அம்மாள் நெஞ்சைச் சோதித்தாள், இரத்தம் எடுத்தாள், பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு யூட்டிடம் நிறையப் பேசினாள்.

"என்னவாம்?" என்றார் அம்புறோஸ்.

"உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லையாம் அப்பா. இருட்டுத்தான் வருத்தமாம். இஞ்சத்தைய ஆக்களுக்கே இது வாறதாம். வெயில் இருக்கிற இடத்திலை சொந்தக்காரர் ஆரும் இருந்தால் ஒரு மூண்டு கிழமை போய் நிண்டிட்டு வரட்டாம்."

வெயில் இருக்கிற இடத்தில் சொந்தம் இருந்தது. மகள் றீற்றா, யூட்டுக்கு நாலு வயது மூத்தவள், இத்தாலியின் தெற்கே பலேர்மோவில் இருந்தாள். எண்பத்துநாலில் ஜெறோம் என்ற குருநகர்ப் பெடியனைக் கட்டுவதற்காக அங்கே போனவள். கல்யாணப் படம் யூட்டின் அறையில் மாட்டியிருந்தது. அந்தப் படத்தில் அவள் போட்டிருக்கும் வெள்ளை உடுப்பு அம்புறோஸ் தைத்துப் பார்சலில் அனுப்பியது. கடிதத்தில் அவள் வீட்டைப் பற்றித்தான் எழுதுவாள். பல்கனியில் காலை வெயில் விழும், அதில் நாலு பூச்சட்டி வைத்திருக்கிறேன், அவர் நேற்று மீன் வாங்கி வந்தார், அவர் உங்கள் எல்லாரையும் விசாரித்தார். யூட் அதையெல்லாம் சத்தமாக வாசித்துக் காட்டுவான்.

யூட் எழுதிய கடிதத்துக்குப் பதில் வர இரண்டு கிழமை பிடித்தது. வழக்கமாக ஐந்து நாளில் எழுதுகிறவள். ஆனாலும் பதில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்பாவை அனுப்பு, ஜனவரி பதினேழு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரேஷனுக்கு நான் வருவேன், வேறு நாளில் அனுப்பவேண்டாம் என்று எழுதியிருந்தாள்.

கொலோனில் ஏறி ஒன்றரை நாள் பயணம். ரோமுக்குக் கீழே செம்மஞ்சள் பழம் தொங்கும் தோடை மரங்கள் தென்படத் தொடங்கின. கடைசியில் ரயிலையே பெட்டி பெட்டியாகக் கழற்றிக் கப்பலுக்குள் ஏற்றிக் கடலைக் கடத்தினார்கள். பலேர்மோவில் இறங்கியபோது வெளியில் வெயில் எறித்துக்கொண்டிருந்தது. ஜனவரி மாதம், ஆட்கள் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். றீற்றா ஓடிவந்து அவருடைய நெஞ்சில் முகத்தை வைத்தாள். நாலு வருஷத்துக்குப் பிறகு காண்கிறார். "மெலிஞ்சு போனாய் பிள்ளை" என்றார். "நீங்கள்தான் மெலிஞ்சு போனியள் அப்பா" என்று அவள் சிரித்தாள்.

வீடு பழைய சந்தைக்குப் பின்னால், மூன்றாம் மாடியில். ஒரு அறை, ஒரு குசினி, பல்கனி. நாலு பூச்சட்டியும் இருந்தன. சுவரில் கல்யாணப் படம் தொங்கியது.

"மருமகன் எங்கை?"

"அவருக்கு மிலானிலை ஒரு ஹொட்டலிலை வேலை கிடைச்சு, போன மாசம்தான் போனவர். லீவு தரமாட்டமெண்டு சொல்லிப்போட்டாங்களாம். உங்களைக் காணேலாமல் போச்சுதெண்டு அவருக்குச் சரியான கவலை." அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நானும் அப்பா, ஒரு வயசுபோன அம்மாவைப் பாக்கிற வேலை. இரவிலை அங்கைதான் நிக்கவேணும். வியாழக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு லீவு. மற்ற நாளிலை மேல் வீட்டுக் கொறற்றி சாப்பாடு கொண்டந்து தருவா."

அவள் மீன் குழம்பு வைத்தாள். கரண்டிக்காக மூன்று லாச்சியைத் திறந்து பார்த்தாள். சீனி எங்கே என்று தேடி, கடைசியில் சீனி போடாமலே தேநீர் தந்தாள். அம்புறோஸ் அதைக் கவனித்தும் கவனிக்காதவராக இருந்தார். அவருடைய முதுகில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கோப்பையை வழித்துச் சாப்பிட்டார். சாப்பிட்ட கையோடு பல்கனிக் கதிரையிலேயே தூங்கிப் போனார்.

அடுத்த நாட்கள் அப்படியே போயின. காலையில் கொறற்றி இடியப்பமோ பாணோ கொண்டுவந்து வைப்பாள். முப்பது வயதிருக்கும், கலகலப்பான பெண். இடுப்பில் ஒரு பெண்குழந்தை. அந்தக் குழந்தை உள்ளே வந்ததும் நேரே கட்டிலுக்கு ஓடி ஏறித் தலையணையைக் கட்டிப்பிடிக்கும். கொறற்றி அவசரமாக அதைத் தூக்கிக்கொண்டு, "வேண்டாம் ராசாத்தி, அது தாத்தாவின்ரை கட்டில்" என்பாள். அம்புறோஸ் சந்தை வரை நடந்து போய் வருவார். முதல் வியாழக்கிழமை றீற்றா இரண்டு மணிக்கு வந்தாள். இருவரும் கடற்கரைக்குப் போனார்கள். ஏழு மணிக்கு அவள் திரும்பவேண்டும். அந்த ஐந்து மணித்தியாலமும் அவள் வாய் ஓயாமல் பேசினாள்.

இரண்டாம் கிழமை திங்கட்கிழமை காலை அவருக்கு வேலை செய்யவேண்டும்போல் கை துடித்தது. குளிர் வந்த பிறகு அப்படி ஒரு நினைப்பு வந்தது அன்றைக்குத்தான். மகளுடைய உடுப்பில் கிழிசல், கழன்ற பொத்தான் ஏதும் இருந்தால் தைத்து வைக்கலாம், வந்து பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று அலுமாரியைத் திறந்தார்.

ஒரு பிளவுஸை எடுத்துக் கையில் விரித்தார். ஊசியில் நூல் கோர்க்கவில்லை. றீற்றாவுக்கு ஞானஸ்நானச் சட்டையிலிருந்து கல்யாண உடுப்பு வரை தைத்தது அவர். அவளுடைய தோள் பதினாலு அங்குலம், வலது தோள் அரை விரல் இறக்கம். அவர் கையில் இருந்தது பதினாறு அங்குலத் தோள். இன்னொன்றை எடுத்தார், அதுவும் பதினாறு. ஏழு உடுப்பையும் எடுத்துப் பார்த்தார். ஒன்றுகூட அவளுடையது இல்லை. அடித்தட்டில் ஒரு சின்னப் பிள்ளையின் சட்டைகள் மடித்து அடுக்கியிருந்தன.

எழுந்து போய்ச் சுவரில் இருந்த கல்யாணப் படத்தைச் சற்று விலக்கினார். அதன் பின்னால் வெளிறிய சதுரம் ஒன்று இருந்தது. அந்தச் சதுரம் படத்தைவிடப் பெரியது. வேறு ஏதோ ஒரு பெரிய படம் பல காலம் அங்கே தொங்கியிருக்கிறது.

எல்லாவற்றையும் இருந்தபடியே மடித்து வைத்து அலுமாரியைச் சாத்தினார்.

அடுத்த வியாழக்கிழமை றீற்றா வந்தபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. "காலமை எழும்பின உடனை நான் செய்யிற முதல் வேலை இந்தப் பூச்சட்டியளுக்குத் தண்ணி ஊத்துறதுதான் அப்பா" என்றாள் அவள். இரவில் வேறு வீட்டில் நிற்கிறவள் காலையில் எப்படி இங்கே தண்ணீர் ஊற்றுவாள் என்று அவருக்குக் கேட்கத் தோன்றியது. "ஓம் பிள்ளை, நல்லாப் பூத்திருக்கு" என்று சொன்னார். அவளுடைய முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது, கேட்காமல் விட்டது நல்லது என்று பட்டது.

மூன்றாம் கிழமை வியாழக்கிழமை அவள் வரவில்லை. மூன்று மணியானது, நாலு மணியானது. வருகிற ஞாயிறு அவர் ரயில் ஏறவேண்டும். கொறற்றி வந்து, "அங்கை விருந்தாளியள் வந்திட்டினமாம் ஐயா, அவவாலை வரேலாதாம்" என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"பிள்ளை, இது உன்ரை வீடெண்டு எனக்குத் தெரியும்" என்றார் அம்புறோஸ்.

கொறற்றி அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அழத் தொடங்கினாள். குழந்தையும் அவளைப் பார்த்து அழுதது. அழுதபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஜெறோம் கனடாவுக்குப் போய் ஒன்றரை வருஷம். போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் நாலு கடிதம் போட்டான், அவ்வளவுதான். அங்கே வேறொருத்தியோடு இருக்கிறான், பிள்ளையும் பிறந்திருக்கிறது என்று ரொறன்ரோவிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். வாடகை வீட்டை விட்டுவிட்டு றீற்றா வேலை வீட்டிலேயே தங்கிவிட்டாள். யூட்டுக்குக் கொறற்றியின் விலாசத்தைக் கொடுத்திருந்தாள். அப்பா வருகிறார் என்று யூட் எழுதியதும் பத்து நாள் நித்திரை இல்லாமல் திரிந்தாள். கடைசியில் கொறற்றியும் புருஷனும் மேல்மாடியில் ஒன்றுவிட்ட தமையன் வீட்டுக் குசினியில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு, தங்கள் வீட்டை மூன்று கிழமைக்குக் கொடுத்தார்கள்.

"என்னை அங்கை கூட்டிக்கொண்டு போ" என்றார்.

பஸ்ஸில் அரை மணி நேரம். பெரிய மாளிகை மாதிரி ஒரு கட்டடம். முன்வாசலால் போக முடியாது என்று கொறற்றி பின்பக்கப் படிக்கட்டால் கூட்டிக்கொண்டு போனாள். கதவைத் திறந்தவள் றீற்றா. நீலக் கோடு போட்ட ஏப்ரன், கையில் ஈரம். தகப்பனைக் கண்டதும் முதலில் அவள் செய்தது ஏப்ரனைக் கழற்றப் பார்த்ததுதான். முடிச்சு அவிழவில்லை.

குசினிக்குப் பக்கத்தில் அவளுடைய அறை. ஒரு கட்டில், ஒரு ஸ்திரிக்கை மேசை, அதன்மேல் மலையாய்க் குவிந்த மேசைவிரிப்புகள். ஜன்னல் இல்லை. அம்புறோஸ் கட்டில் நுனியில் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் "றீற்றா!" என்று கூப்பிட்டது. அவள் ஓடிப் போய் எதையோ கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"நீங்கள் ஏன் அப்பா இஞ்சை வந்தனீங்கள்?"

"என்ரை பிள்ளையைப் பாக்க வந்தனான்."

"இன்னும் மூண்டு நாள்தானே. நீங்கள் சந்தோஷமாப் போயிருப்பியள்." அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "நான் அங்கை ஒரு வீட்டிலை இருக்கிறன் எண்டு நீங்களும் தம்பியும் நினைச்சுக்கொண்டிருக்கிறது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமே? கடிதம் எழுதேக்கை நானும் அந்த வீட்டிலை இருக்கிற மாதிரித்தான் இருக்கும்."

"என்னோடை வா. நாளைக்கே வெளிக்கிடு."

"எப்பிடி அப்பா? என்னட்டை என்ன பேப்பர் இருக்கு? எல்லையிலை இறக்கிப்போடுவாங்கள். இந்த வீட்டுச் சிஞ்ஞோரா, என்னை வேலைக்கு வைச்சிருக்கிறாவெண்டு பதிவுப் பேப்பரிலை கையெழுத்து வைச்சுத் தாறனெண்டு சொல்லியிருக்கிறா. இப்ப விட்டிட்டு வந்தால் இவ்வளவு காலமும் வீணாய்ப் போயிடும்." மேசைவிரிப்பு ஒன்றை எடுத்து மடித்தாள். பிறகு தாழ்ந்த குரலில், "அவர் கடிதம் போட்டாலும் நான் எழுதிக் குடுத்த இந்த விலாசத்துக்குத்தான் போடுவார்" என்றாள்.

"அவன் போடமாட்டான் பிள்ளை."

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் அழவில்லை. "தெரியும் அப்பா" என்றாள். "தம்பிக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவன் கோவக்காரன். எல்லாத்தையும் போட்டிட்டு இஞ்சை வந்து நிப்பான், இல்லாட்டிக் கனடாவுக்குப் போன் அடிச்சுக் கத்துவான். என்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ."

அவர் அவளுடைய தலையில் கையை வைத்தார். அடிக்கவில்லை, வைத்துக்கொண்டு இருந்தார். உள்ளேயிருந்து மறுபடி குரல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஸ்ரேஷனுக்கு வந்து, ஜன்னலுக்குக் கீழே நின்று ரயில் புறப்படும்வரை சிரித்துக்கொண்டே நின்றாள்.

வுப்பர்டாலில் பெய்திருந்த பனி அழுக்காகிச் சாம்பல் நிறத்தில் தெருவோரம் கிடந்தது. யூட் தகப்பனைக் கண்டதும், "முகத்திலை நிறம் வந்திருக்கு அப்பா!" என்று துள்ளினான். அன்றைக்கு லீவு எடுத்திருந்தான். கோழி சமைத்து வைத்துக்கொண்டு, அக்கா எப்படி, அத்தான் எப்படி, வீடு எப்படி என்று கேட்டான். அம்புறோஸ் வீட்டைப் பற்றிச் சொன்னார். குசினியைச் சொன்னார், பல்கனியைச் சொன்னார். மருமகன் மிலானுக்கு வேலைக்குப் போயிருக்கிறார், ஆனால் ஒருநாள் போன் எடுத்துக் கதைத்தவர் என்று தன்னுடைய பங்குக்கும் ஒன்றைச் சேர்த்தார். யூட் கேட்கக் கேட்க அவருக்குச் சொல்வது சுலபமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து அவர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

ஈஸ்டருக்குக் கொஞ்சம் முன்பு யூட் ஒரு துணியை வாங்கிக்கொண்டு வந்தான். இளநீலம், நல்ல பருத்தி.

"அத்தானுக்கு ஒரு சேட் தையுங்கோ அப்பா. நீங்கள் தைச்சதெண்டால் அவருக்குச் சந்தோஷமா இருக்கும். அளவு ஞாபகம் இருக்குத்தானே?"

ஞாபகம் இருந்தது. கல்யாணத்துக்குச் சேட் தைக்க ஜெறோமின் தாய் கொண்டுவந்து கொடுத்த அளவு. கழுத்து பதினஞ்சரை, கை இருபத்துநாலு. யூட் பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான், அதனால் தவிர்க்க முடியவில்லை. அம்புறோஸ் துணியை மேசையில் விரித்து, சோக்கால் கோடு போட்டு வெட்டினார். மகளைக் கைவிட்டுப் போனவனுக்குக் கொலர் வைத்தார், பொக்கெற் வைத்தார், பொத்தான் துளை ஒவ்வொன்றையும் கையாலேயே கட்டினார். வேண்டுமென்று பிழையாகத் தைக்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. கை அதற்கு இணங்கவில்லை. யூட் அதைப் பெட்டியில் வைத்துச் சொக்லேற்றும் வைத்துப் பலேர்மோவுக்கு அனுப்பினான்.

மே மாதம் பதில் வந்தது. யூட் வழக்கம்போலச் சத்தமாக வாசித்தான். "அவர் மிலானிலிருந்து லீவில் வந்து நிற்கிறார். சேட் அவருக்கு நல்ல அளவாய் இருக்கிறது. போன ஞாயிறு பூசைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தவர்."

அம்புறோஸ் எழுந்து கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டார். அவர் வெளியே வரும்வரை யூட் கடிதத்தின் மீதியை வாசிக்காமல் வைத்திருந்தான்.

சிஞ்ஞோரா கையெழுத்து வைக்கவில்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று சொல்லிக்கொண்டே வந்து, பதிவு செய்யும் காலம் செப்டெம்பரோடு முடிந்ததும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். இது யூட்டுக்கும் அம்புறோஸுக்கும் நவம்பரில்தான் தெரியவந்தது. அந்தக் கடிதம் ஒரு பார்சலுக்குள் வந்தது. மேலே இளநீலச் சேட், மடிப்புக் கலையாமல். யூட் சேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒன்றும் விளங்காமல் கடிதத்தைப் பிரித்தான். இம்முறை சத்தமாக வாசிக்கவில்லை.

"தம்பி, இனி எனக்குப் பொய் எழுத ஏலாது" என்று தொடங்கியிருந்தாள் றீற்றா. ஜெறோம் போனது, வீடு இல்லாதது, பேப்பர் கிடைக்காமல் போனது எல்லாம் எழுதியிருந்தாள். அப்பாவுக்குப் பெப்ரவரியிலேயே தெரியும், நான்தான் சொல்ல வேண்டாமென்று கேட்டேன், அவரைக் கோபிக்காதே என்றும் கடைசியில் எழுதியிருந்தாள்.

யூட் கடிதத்தை மேசையில் வைத்தான்.

"உங்களுக்குத் தெரியுமே?"

அம்புறோஸ் தலையசைத்தார்.

"அப்பா, நான் ஒவ்வொரு கடிதத்திலையும் அத்தான் எப்பிடி, அத்தான் எப்பிடி எண்டு கேட்டு எழுதினனான். ஒவ்வொரு கடிதத்திலையும். அவ அதை வாசிச்சு வாசிச்சுப் பதில் எழுதியிருக்கிறா. நீங்கள் இந்தக் கட்டிலிலை படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்." அவன் சேட்டைக் கடிதத்தின்மேல் போட்டான். "சேட் தைக்கச் சொல்லேக்கையாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் என்ரை கையாலை அனுப்பினனே அப்பா."

"அவள் சத்தியம் வாங்கிப்போட்டாள் மகன்."

"நான் அவவின்ரை தம்பியில்லையே?"

ஒன்பது நாள் யூட் தகப்பனோடு பேசவில்லை. சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போவான், வந்து படுப்பான். பத்தாம் நாள் காலை அம்புறோஸ் எழுந்து, சவரம் செய்து, உடுப்பு மாற்றிக்கொண்டு, கோட்டின் மேல் பொத்தான்வரை பூட்டிக்கொண்டு தனியாக ஸ்ரேஷனுக்குப் போனார். அவருக்குத் தெரிந்த ஜெர்மன் இருபது சொல். அதில் ஆறேழு சொல்லை வைத்துக்கொண்டு ஜனவரிக்குப் பலேர்மோவுக்கு ஒரு ரிக்கற் எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

யூட் அதைப் பார்த்தான். "எங்கை தங்குவியள்?"

"தெரியாது."

அன்று பின்னேரம் யூட் கொறற்றி வீட்டுக்குத் தகவல் சொல்லி, வியாழக்கிழமை றீற்றாவை அங்கிருந்து போன் எடுக்கவைத்தான். அம்புறோஸ் ரிசீவரைக் காதில் வைத்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "வரவேண்டாம் அப்பா" என்பதுதான். "இந்தமுறை கொறற்றி ஆக்களிட்டை நான் எப்பிடிக் கேக்கிறது? உங்களைக் கொண்டுபோய் இருத்த எனக்கு ஒரு கதிரைகூட இல்லை."

"நான் வீடு பாக்க வரேல்லை பிள்ளை."

யூட் ரிசீவரை வாங்கி, "அக்கா" என்றான். போன் துண்டிக்கும்வரை இரண்டு பேரும் அழுதார்கள்.

எண்பத்தொன்பது ஜனவரியில் அம்புறோஸ் பலேர்மோவில் ஐந்து தமிழ்ப் பெடியன்கள் இருந்த ஒரு அறையில் ஆறாவது ஆளாகப் படுத்தார். இந்தமுறை றீற்றாவுக்கு ஞாயிறும் அரைநாள்தான், சிஞ்ஞோராவின் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. வியாழக்கிழமை இரண்டு மணிக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருந்தார். மிதமான வெயில். கப்பல் ஒன்று சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது.

அவள் இரண்டரைக்கு வந்தாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம். யூட் கொடுத்துவிட்ட குளிர்ச் சட்டையை அவர் கொடுத்தார். அவள் அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, "தம்பிக்கு இன்னும் கோவமே?" என்று கேட்டாள்.

"இல்லை. உன்னைப் பாக்கவேணுமெண்டு நிக்கிறான். கோடை லீவுக்கு வருவான்."

"அவனை இஞ்சை எங்கை தங்க வைக்கிறது?"

"இந்த வாங்கிலை இருப்பான்."

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, "அந்தப் பேபி இரவிரவா அழுகுது அப்பா, அதுக்கும் நான்தான் எழும்பவேணும்" என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய தலை அவருடைய தோளில் சாய்ந்தது. அம்புறோஸ் அவளிடம் சொல்வதற்கு நிறைய வைத்திருந்தார். அவன் எழுதமாட்டான் என்று அப்படி வெடுக்கென்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும். நீ எழுதிய பொய்க் கடிதங்களை நான் ஒருநாளும் குறையாக நினைக்கவில்லை என்று சொல்லவேண்டும். ஒன்றரை நாள் ரயிலில் அந்த வார்த்தைகளை ஒழுங்குபண்ணிக்கொண்டு வந்திருந்தார். குனிந்து பார்த்தபோது அவள் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்று மணி, நாலு மணி. அவருடைய இடது கை மரத்துப்போனது. அசைத்தால் விழித்துவிடுவாள் என்று அப்படியே வைத்திருந்தார். வெயில் வாங்கை விட்டு நகர்ந்து, கட்டடத்துக்குப் பின்னால் போனது. கோட்டின் வலப் பக்கத்தை மெல்ல இழுத்து அவள்மேல் போட்டார். ஆறு மணிக்கு விளக்குகள் எரிந்தன. ஏழு மணிக்கு அவள் உள்ளே நிற்கவேண்டும், பஸ்ஸுக்கு அரை மணி நேரம்.

"பிள்ளை" என்றார். "றீற்றா. எழும்பு, நேரம் போச்சு."

அவள் திடுக்கிட்டு எழுந்தாள். எங்கே இருக்கிறோம் என்று ஒரு கணம் தெரியாமல் முழித்தாள். "ஐயோ, எவ்வளவு நேரம் நித்திரை கொண்டிட்டன்?"

"கொஞ்ச நேரம்தான்."

"ஒண்டும் கதைக்கவே இல்லையே அப்பா நாங்கள்."

"ஞாயிற்றுக்கிழமை கதைப்பம்."

அவள் தலைமயிரை ஒதுக்கிக் கட்டிக்கொண்டு, அவருடைய கையைக் கன்னத்தில் வைத்து எடுத்துவிட்டுப் பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினாள். பஸ் வந்தது. நிறையச் சனம் ஏறியதால் அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. இருந்தாலும் கையைத் தூக்கி ஆட்டினார்.